குளிர்கடலுக்கு வெட்சூட்டும் ஹூட்டும்: காரைக்குடியிலிருந்து கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்திலிருந்து மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள் முன்பெல்லாம் என்னிடம் ஸ்வெட்டர், ஜெர்கின் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது சிலர் வெட்சூட் பற்றியும் கேட்கிறார்கள், அதாவது குளிர்தண்ணீரில் மூழ்கப் போட்டுக்கொள்கிற, உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை. அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா பழகியிருக்கிறார்கள். படிக்கப் போகிற ஊர் இங்கிலாந்தின் பிளிமத், கனடாவின் ஹாலிஃபாக்ஸ், வான்கூவர் என்று கடலோரமாக அமைகிறது. அங்கேயும் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. நான் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ஒரு டைவிங் கடையில் பல வருடம் வேலை பார்த்தவள். வருகிறவர்களுக்கு வெட்சூட் மாட்டிப் பார்த்து, அப்புறம் அவர்களையே கடலுக்குக் கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "அயித்தை, அஞ்சு மில்லி வாங்கவா, ஏழு மில்லி வாங்கவா?" தடிமனை அப்புறம் பேசுவோம், உடம்பில் ஒட்டுகிறதா என்று முதலில் பார் என்பேன். தொளதொளவென்று இருக்கிற 7 மி.மீ. சூட்டைவிட, உடம்போடு ஒட்டி நிற்கிற 5 மி.மீ. சூட் அதிகம் காக்கும்.

காரணம் இதுதான். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெட்சூட் செய்கிற நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைத்த ரப்பர். சூட்டுக்குள் புகுந்த தண்ணீர் சூடாகி அதுதான் நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் காப்பது அந்தக் குமிழிகள். உள்ளே போன தண்ணீர் கொஞ்சமாக இருந்து, நகராமல் நின்றால் போதும். அது நகர்ந்தால்தான் தொல்லை. இடுப்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் விட்டிருந்தால், ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் சூடான தண்ணீர் கழுத்து வழியே வெளியே போய்ப் புதுக் குளிர்தண்ணீர் உள்ளே வரும். உடம்பு மறுபடி மறுபடி அதைச் சூடாக்கிக் களைத்துப்போகும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் அடியில் பொள்ளல் இல்லாமல் தட்டித் தட்டிப் பதிப்பார், பார்த்திருப்பீர்கள். வெட்சூட்டும் உடம்பின் மேல் அப்படி உட்கார வேண்டும்.

இறங்கப் போகும் தண்ணீர்

நம் தொண்டி, மண்டபம் பக்கத்துக் கடல் வருடத்தில் பெரும்பகுதி 26 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அங்கே 3 மி.மீ. சூட்டே பலருக்குக் கூடுதல். பிளிமத் கடலோ கோடையின் கடைசியில் 16, 17 டிகிரிக்குப் போகும், குளிர்காலத்தில் 9 டிகிரி அளவுக்கு இறங்கும். இதில் ஒரு விஷயம் நம்மவர்களுக்குப் பிடிபடுவதில்லை. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதால், அங்கே கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி, மார்ச்சில். ஏப்ரலில் வெயில் நன்றாக அடிக்கிறதே என்று மெல்லிய சூட்டோடு இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அதே கடல் செப்டம்பரில் சுகமாக இருக்கும்.

விசாரிக்கும்போது மேல்தண்ணீரின் வெப்பத்தைக் கேட்காதீர்கள், போகப்போகிற ஆழத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். ஏரிகளிலும் சில கடல்களிலும் மேலே 18 டிகிரி இருக்கும், பத்து பதினைந்து மீட்டர் இறங்கியதும் சட்டென்று 10 டிகிரியாகிவிடும்.

நான் சொல்கிற கணக்கு இது. 21லிருந்து 26 டிகிரி வரை 3 முதல் 5 மி.மீ. போதும். 15லிருந்து 20 வரை 5 அல்லது 7 மி.மீ., கூடவே ஹூட், அதாவது தலையையும் கழுத்தையும் மூடுகிற நியோப்ரீன் குல்லாய். 10லிருந்து 15 வரை 7 மி.மீ. செமிட்ரை (தண்ணீர் மிகக் கொஞ்சமே புகுகிற வெட்சூட்), தடித்த ஹூட், 5 மி.மீ. கையுறை, பூட்ஸ், இத்தனையும் வேண்டும். 10க்குக் கீழே, தண்ணீரே உள்ளே புகாத ட்ரைசூட் எடுங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படையே மூழ்கடித்துக்கொண்ட கப்பல்களைப் பார்க்கப் பலர் போகிறார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் ட்ரைசூட்டில்தான் இறங்குவார்கள். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்கிற, தண்ணீர் நிறைந்த பாறைப் பிளவில் வருடம் முழுவதும் 2லிருந்து 4 டிகிரிதான். அங்கே போய் வெட்சூட் விலை விசாரிப்பதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கை உங்கள் உடம்புக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ள வேண்டும். ஒல்லியான உடம்பென்றால் ஒரு படி தடிமன் கூட்டுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை இறங்கப் போகிறீர்கள் என்றாலும் கூட்டுங்கள், இரண்டாம் முறை இறங்கும்போது உடம்பு ஏற்கெனவே சூட்டை இழந்திருக்கும். நம் ஊரிலிருந்து முதல் வருடம் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். உடன் வருகிற வெள்ளைக்காரப் பையன் 5 மி.மீ. சூட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறான் என்பதற்காக நீங்களும் அதையே போட வேண்டியதில்லை.

ஆழம் போகப் போக நியோப்ரீன் நசுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் சுருங்கிவிடுவதால், கரையில் 7 மி.மீ. இருந்த சூட் ஆழத்தில் அந்த அளவுக்குக் காக்காது. கீழே போகப் போகத்தான் தண்ணீரும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து வரும். ஜேம்ஸ் ஈகன் லேன் என்று 1945இல் டார்பிடோ பட்டு பிளிமத் அருகே மூழ்கிய கப்பல் ஒன்று இருபது மீட்டர் சொச்சத்தில் கிடக்கிறது. அங்கே இறங்கும்போது இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

அளவு எடுப்பது

இதை ஊரிலேயே முடித்துக்கொண்டு போகலாம். கல்லுக்கட்டி, செக்காலைப் பக்கம் தையல் கடைக்குப் போய் டேப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உயரம், எடை, கழுத்துச் சுற்று, மார்பு, இடுப்பு, பிருஷ்டம், தொடை, கெண்டைக்கால், கவட்டிலிருந்து கணுக்கால் வரை நீளம், தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், எல்லாம் வேண்டும். தலைக்கு நெற்றி வழியாக ஒரு சுற்று. தையல்காரர் பழக்கத்தில் இரண்டு விரல் லூஸ் விட்டுத்தான் எடுப்பார், அது அவர் கைப்பழக்கம். "லூஸ் வேண்டாம் அண்ணே, தோலோடு ஒட்டி எடுங்க" என்று சொல்லிவிடுங்கள். சுடிதாருக்கு மேல், சட்டைக்கு மேல் எடுத்த அளவு உதவாது. பெண்களானால், பனியன், லெகிங்ஸோடு வீட்டில் அம்மாவோ அக்காவோ எடுத்துக் கொடுப்பது நல்லது.

அப்புறம் அந்த அளவை ஒவ்வொரு கம்பெனியின் அட்டவணையோடும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்மாலாக இருக்கும். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் அங்குள்ள உடல்வாகுக்குப் போட்டவை, நம்மவர்களுக்கு மார்பு பொருந்தினால் கால் நீளமாகிவிடும். குட்டை மீடியம், நெட்டை மீடியம் என்று இடை அளவுகள் வைத்திருக்கிற கம்பெனியைத் தேடுங்கள். கால் நீளம் கூடினால் மடித்து விட்டுக்கொள்ளலாம், பூட்ஸுக்கு மேல் கொஞ்சம் சுருங்கி நிற்பதால் தவறில்லை. உடற்பகுதி நீளம் மட்டும் சரியாக இருந்தே ஆக வேண்டும். அது கூடினால் முதுகில் பள்ளம் விழும், குறைந்தால் தோளைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். எந்த அளவும் பொருந்தவில்லையென்றால் அளவு கொடுத்துத் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். விலை கூடும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

போட்டுப் பார்ப்பது

வாங்குவதை அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றிரண்டு தடவை வாடகைக்கு எடுத்துப் போடுங்கள். எந்த அளவு, எந்த வெட்டு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். வாடகைச் சூட் பலர் போட்டு இளகியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

யாரிடமாவது சூட் கிடைத்து இங்கேயே போட்டுப் பார்ப்பதானால், சித்திரை வெயிலில் மத்தியானம் செய்யாதீர்கள். வியர்த்த தோலில் நியோப்ரீன் ஏறாது. ஏறினாலும் ஜிப்பைப் போட்டுக்கொண்டு காரைக்குடி வெக்கையில் நிற்பது ஆபத்து, உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் மயக்கம் வந்துவிடும். ஏ.சி. அறையில், விடியற்காலையில், கொஞ்ச நேரம் மட்டும்.

பாதத்தில் ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு காலை விடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கைக்கும் அப்படியே. நகத்தால் இழுக்காமல் விரலின் சதைப்பகுதியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நகம் பட்டால் நியோப்ரீன் பிறை பிறையாகக் கீறும். கவட்டைவரை முழுசாக ஏற்றிய பிறகுதான் கைகளுக்குப் போக வேண்டும். அங்கே அவசரப்பட்டால் தோள் எட்டாது, நல்ல சூட்டையே அளவு பத்தவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். உள்ளே நீச்சல் உடையோ மெல்லிய நைலான் லெகிங்ஸோ போதும். பருத்தி மட்டும் வேண்டாம், சுருண்டு மடிப்பு விழுந்து தண்ணீருக்கு வழி விட்டுவிடும்.

ஜிப் போட்டதும் இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். சம்மணமிட்டு உட்காருங்கள், எழுந்திருங்கள், முழங்காலிடுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். நெஞ்சு விரிய முடியாமல் அடைத்தால் அந்தச் சூட் வேண்டாம். அக்குள், இடுப்பின் பின்பள்ளம், கவட்டை, முழங்காலின் பின்புறம் ஆகிய நான்கு இடங்களிலும் இன்னொருவர் துணியைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். சிரமப்பட்டுத்தான் பிரிய வேண்டும், விட்டதும் திரும்பி ஒட்ட வேண்டும். புதுச் சூட் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், போடப் போட இளகும். கை மரத்துப்போகிற அளவு இறுக்கம் என்றால் அடுத்த அளவு எடுங்கள்.

கழுத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கழுத்தின் இருபக்கமும் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களை இறுக்கினால் இதயத் துடிப்பு குறைந்து தலை சுற்றும். போட்ட உடனே தெரியாது, ஐந்து பத்து நிமிடம் அப்படியே நடமாடிப் பாருங்கள். லேசான தலைசுற்றல் வந்தாலும் அதை வைத்துவிடுங்கள்.

தையலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வருகிற தட்டைத் தையல் வெதுவெதுப்பான கடலுக்குத்தான் சரி, ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் கசியும். குளிருக்கு விளிம்புகளை முதலில் பசை வைத்து ஒட்டி, பாதித் தடிமன் வரை மட்டும் ஊசி இறங்குகிற தையல் வேண்டும். அதன்மேல் உள்பக்கம் டேப்பும் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. செமிட்ரை என்றால் மணிக்கட்டு, கணுக்கால், கழுத்தில் வழவழப்பான ரப்பர் விளிம்பு இருக்கும். அதை உள்பக்கமாக மடித்து, வழவழப்பு தோலில் படும்படி விட்டால்தான் அடைப்பு. ஜிப்புக்குப் பின்னால் அகலமான மடிப்புத்துணி ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்கூபாப்ரோ, 'பேர்' (Bare), 'வாட்டர்ப்ரூஃப்' (Waterproof), ஃபோர்த் எலிமென்ட் எல்லாம் குளிர்கடலில் பெயர் பெற்ற கம்பெனிகள்தான். உங்கள் உடம்புக்கு எது பொருந்துகிறதோ அதுவே உங்களுக்கு நல்ல கம்பெனி.

ஹூட்

நம் பிள்ளைகள் காசு மிச்சம் பிடிக்கிற இடம் ஹூட். தலையை மூடினால் காது கேட்காது, மூச்சு முட்டும் என்று பயமும் உண்டு. குளிர்கடலில் இறங்குகிற யாரையும் ஹூட் இல்லாமல் நான் படகிலிருந்து இறங்க விட்டதில்லை.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வது சரியல்ல. தலையின் பரப்பு உடம்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் குளிர்ந்தால் கைகால்களில் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், உச்சந்தலையில் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. அதனால் அங்கிருந்து சூடு போய்க்கொண்டே இருக்கும். நெற்றியில் குளிர்தண்ணீர் பட்டவுடன் மண்டையைப் பிளக்கிற வலி வரும். அதைவிட மோசம் காது. ஒரு காதில் மட்டும் முதலில் குளிர்தண்ணீர் புகுந்தால் மேல் கீழ் தெரியாமல் தலை சுழலும். தண்ணீருக்கடியில் அது பயங்கரமான அனுபவம். ஹூட் இருந்தால் காதுக்குத் தண்ணீர் மெதுவாக, கொஞ்சம் வெதுவெதுப்பாகப் போகும்.

10லிருந்து 15 டிகிரிக்கு 5 அல்லது 7 மி.மீ. ஹூட் எடுங்கள். கழுத்துக்குக் கீழே தோள்வரை விரிகிற அகலமான விளிம்பு இருக்க வேண்டும். ஹூட்டை முதலில் மாட்டி, அந்த விளிம்பைச் சூட்டின் கழுத்துக்குள் செருகி, அப்புறம் ஜிப் போடுங்கள். உச்சியில் காற்று வெளியேறச் சின்னத் துவாரம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாஸ்க்கிலிருந்து கசிகிற காற்று சேர்ந்து ஹூட் உப்பிக்கொள்ளும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரை அரைமணி நேரம் கடித்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள், தாடையை இறுக்கினால் வலி எடுக்கும். கடையில் மாஸ்க்கை வாங்கி ஹூட்டோடு சேர்த்து மாட்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு சுற்றிலும் தோலில் உட்கார வேண்டும், ஹூட் விளிம்பு அதற்கு அடியில் போனால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

ஹூட் காதோடு இறுக ஒட்டினால் காதுக்குழாயில் காற்று சிறைப்பட்டு, இறங்கும்போது செவிப்பறை வெளிப்பக்கமாக இழுபடும். மூக்கைப் பிடித்து ஊதினாலும் இது தீராது. தண்ணீரில் இறங்கியதும் மேலேயே ஹூட்டின் ஓரத்தை விரலால் தூக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுவிடுங்கள்.

நம் பெண்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். நீளமான கூந்தலைக் கொண்டை போட்டால் ஹூட் உட்காராது. பிடரியில் தாழ்வாக ஒரே பின்னலாகப் பின்னி முதுகுப் பக்கம் சூட்டுக்குள் விட்டுவிடுங்கள். இறங்குவதற்கு முதல் நாளிலிருந்தே எண்ணெய் தேய்க்காமல் இருங்கள். எண்ணெய் நியோப்ரீனுக்கு ஆகாது, மாஸ்க்கும் வழுக்கும். தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாகக் கரையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அழுத்தத்தில் தோலில் பதியும், விளிம்பு ரப்பரைக் கிழிக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள், சங்கிலியிலிருந்து மாற்றி மஞ்சள் கயிற்றில் போட்டுக்கொண்டு சூட்டுக்குள் தட்டையாக விட்டதைப் பார்த்திருக்கிறேன், அது தொந்தரவு செய்வதில்லை. ஸ்டிக்கர் பொட்டு மாஸ்க் விளிம்பில் அகப்பட்டால் கசியும், எடுத்துவிடுங்கள். ஆண்களுக்கு மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்குக்குக் கீழே ஒரு வரி அளவு மழிக்க வேண்டியிருக்கும்.

முதல் தடவை ஹூட் போட்டால் பலருக்குப் படபடப்பு வரும். கடலுக்குப் போகுமுன் நீச்சல்குளத்தில் ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இறங்கும் நாளில்

தடித்த சூட் உங்களை மேலே தூக்கும். அந்தமானில் கட்டிய எடை போதாது. எவ்வளவு கூட்டுவது என்று இறங்கும் முன்பே உடன் வருகிற பயிற்சியாளரோடு சோதியுங்கள். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மட்டும் மிச்சமிருக்கும்போதும் 5 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்க முடிய வேண்டும், அதுதான் சரியான எடை. கீழே போனதும் சூட் நசுங்கி நீங்கள் கனத்துவிடுவதால் பி.சி.டி.க்குள், அதாவது மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற காற்றுச் சட்டைக்குள், காற்றை ஏற்ற வேண்டியிருக்கும். 10 டிகிரிக்குக் கீழே என்றால் குளிர்நீருக்கென்று செய்த ரெகுலேட்டர் வேண்டும், சாதாரண ரெகுலேட்டர் உறைந்து காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கலாம்.

குளிர்தண்ணீர் பட்ட முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே வாரி இரைக்கும். அது அடங்கும் வரை மேலேயே மிதந்து நில்லுங்கள். தண்ணீருக்குள் விரல் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனாலோ, உடம்பு நடுங்கத் தொடங்கினாலோ உடனே சைகை காட்டி மேலே வந்துவிடுங்கள். படகில் ஏறியதும் காற்றுதான் எதிரி. ஈரச் சூட்டோடு உட்காராமல் காற்றுப் புகாத மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ஃப்ளாஸ்க்கில் சுக்குக் காப்பியோ டீயோ வைத்திருங்கள்.

விடுமுறைக்குச் சூட்டை ஊருக்குக் கொண்டு வந்தால், நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். நம் பழைய வீடுகளின் வளவு இதற்கு அருமையான இடம், காற்று வரும், நேர் வெயில் படாது. மொட்டைமாடிக் கொடி வேண்டாம், பூட்டிய காரும் வேண்டாம். இரண்டிலும் ரப்பர் செத்துப்போகும். மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தால் மடிப்பில் குமிழிகள் நசுங்கிக் கோடு விழும், அகலமான ஹேங்கரில் தொங்க விடுங்கள். வாஷிங் மெஷின், சலவை சோடா பக்கமே போகாதீர்கள்.

யாரோ போட்ட பழைய சூட்டை வாங்குவதானால் முழங்கால், தோள்பட்டை, இருக்கை மூன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விட்டதும் உப்பி வந்தால் உயிர் இருக்கிறது. அப்படியே குழி விழுந்து நின்றால், 7 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் அது இப்போது 7 மி.மீ. அல்ல, அந்தக் காசை ஒரு புது ஹூட்டுக்குப் போடுங்கள்.